கொலையும் கனிவும்: ‘ராஷோமோன்’, ‘அந்த நாள்’ ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

கொலையை நடுவாகக் கொண்ட கதை கற்றோர் ஆய்வுக்கு ஏற்றதாகுமா என ஐயுறுவோர் இன்றும் உளர். கொலைக்களக் காதையை நீக்கிவிட்டுச் சிலப்பதிகாரத்தைக் கற்க இயலாது. மகனை அரிந்த சிறுத்தொண்டர் வரலாற்றை ஒதுக்கிவிட்டுப் பெரியபுராணத்தை முழுமையாக அறியவும் இயலாது. கொடுஞ்செயலுக்கு அருகே கனிவை நிறுத்திக் காட்டுதல் நம் இலக்கியத்திற்குப் பழகிய நெறியே. அந்நெறி இருபதாம் நூற்றாண்டின் திரைப்படக் கலையுள் எவ்வாறு இயங்கிற்று என்பதை இரு படங்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று, அகிரா குரோசாவா 1950-இல் இயக்கிய ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியப் படம். மற்றொன்று, வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’.

பின்னது முன்னதன் தழுவல் என்று ஒரு சொல்லிற் கூறி அமைவோர் பலர். அக்கூற்று முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று. வடிவத்தைக் கடனாகப் பெற்ற பாலசந்தர், கொலைக்கும் கனிவிற்கும் இடையே உள்ள உறவை வேறாக அமைத்துக்கொண்டார். அவ்வேறுபாடு யாது, அது தமிழ் மரபோடு எங்ஙனம் பொருந்துகிறது என்பன ஈண்டு ஆராயப்படும்.

போர்க்காலச் சென்னையும் மேற்குப் புறநகரும்

‘அந்த நாள்’ ஒரு வரலாற்று நிகழ்ச்சியை வாயிலாகக் கொண்டு தொடங்குகிறது. ஆதலின் அதன் காலச் சூழலை முதற்கண் அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் நாள் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னையே என்ற அச்சம் எங்கும் பரவிற்று. அம்மாதத்திலேயே மாநகர மக்களுட் பெரும் பகுதியினர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாடு நோக்கிப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்கள் பல வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. அஞ்சிய படையெடுப்பு நிகழவில்லை. ஓராண்டிற்கு மேல் கழிந்து, மக்கள் அச்சம் தணிந்து திரும்பியிருந்த 1943 அக்டோபரில், இரவில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைமேற் குண்டு வீசிச் சென்றது. அழிவு சிறிது, அதிர்ச்சி பெரிது.

இப்போர் சென்னையின் மேற்குப் பக்கத்தை நிலையாக மாற்றிற்று. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை 1856-இல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை, அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளின் வழியே செல்வது. பூந்தமல்லி, காஞ்சிக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் பெருவழியில் அமைந்த பழைய ஊர். கும்பினியார் காலத்தில் படைவீரர் தங்கிய இடம். ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த இப்பகுதியில், கடற்கரையினின்று விலகியும் இருப்புப்பாதையோடு ஒட்டியும் இருந்த ஆவடியைப் போர்க்கால அரசு படைத்தளமாக்கிற்று. வந்திறங்கலாம் என்று கருதப்பட்ட பகைவனை நோக்கிப் படைக்கலம் சேர்த்து வைத்த இடங்களுள் அஃது ஒன்று. அத்தளத்தின் தொடர்ச்சியே அங்கு 1961-இல் தோன்றிய கனரக ஊர்தித் தொழிற்சாலை. இடையே, ‘அந்த நாள்’ வெளிவந்து ஒன்பது திங்கள் சென்றபின், 1955 சனவரியில் காங்கிரசுப் பேரவை ஆவடியிற் கூடிச் சமதர்ம முறையிலான சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. போரின் நினைவு ஆறாமலும், புதிய நாட்டின் நம்பிக்கை தளராமலும் இருந்த அவ்விடைக்காலத்திலேயே இப்படம் உருவாயிற்று என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ராஷோமோன்: கனிவு கொலைக்குப் பின் வருதல்

குரோசாவா (1910–1998) தம் படத்திற்கு அகுதாகவா ரியுனோசுகே (1892–1927) எழுதிய இரு சிறுகதைகளைக் கருவாகக் கொண்டார். 1922-இல் வெளிவந்த ‘தோப்பினுள்’ என்னும் கதையிலிருந்து கொலையும் சான்றுரைகளும் வந்தன. 1915-இல் வெளிவந்த ‘ராஷோமோன்’ என்னும் கதையிலிருந்து படத்தின் பெயரும், பாழடைந்த நகர வாயிலும் வந்தன. 1951-இல் வெனிசு திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்று, ஜப்பானியத் திரைக்கலையை மேலைநாடுகள் அறியச் செய்த படம் இதுவே.

கதை எளிது. காட்டு வழியே மனைவியுடன் சென்ற வீரன் ஒருவன் இறந்து கிடக்கிறான். மனைவி கள்வனால் கற்பழிக்கப்பட்டிருக்கிறாள். நடந்தது என்ன என்பதைக் கள்வன் ஒருவாறும், மனைவி வேறொருவாறும், குறிசொல்லியின் வாய்வழி இறந்தவனின் ஆவி பிறிதொருவாறும் உரைக்கின்றனர். கள்வன், தானே வீரனை வாட்போரில் வென்று கொன்றதாகக் கூறுகிறான். கையிற் குத்துவாளோடு மயங்கி வீழ்ந்ததாகவும், விழித்தபோது கணவன் மார்பில் அவ்வாள் தைத்திருந்ததாகவும் மனைவி கூறுகிறாள். தானே தன்னைக் குத்திக்கொண்டதாக ஆவி கூறுகிறது. இறுதியில், எல்லாவற்றையும் மறைந்திருந்து கண்ட விறகுவெட்டி நான்காம் கூற்றொன்றை வெளியிடுகிறான். அவனும் அக்குத்துவாளைக் களவு செய்தவன் என்ற ஐயம் பிறக்கிறது. ஆதலின் அவன் கூற்றும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று.

இவ்வளவும் கொடுமையும் பொய்யும். கனிவு படத்தின் முடிவில் வருகிறது. வாயிலின் ஒரு புறத்தே கைவிடப்பட்ட மகவொன்றின் அழுகுரல் கேட்கிறது. மழைக்கு ஒதுங்கிய ஒருவன் அம்மகவின் மேலாடையைக் கவர்ந்து செல்கிறான். விறகுவெட்டி மகவை ஏந்தக் கை நீட்டுகிறான். எஞ்சியதையும் பறிக்க வருகிறானோ என்று துறவி அஞ்சி விலகுகிறார். தனக்கு ஏற்கெனவே பிள்ளைகள் அறுவர் உளர், ஏழாவது பிள்ளையால் துன்பம் மிகாது என்கிறான் அவன். மழை ஓய்கிறது, மகவோடு அவன் செல்கிறான்.

இம்மகவு அகுதாகவாவின் கதைகள் இரண்டிலும் இல்லை, குரோசாவா சேர்த்தது. மூலக்கதைகளின் முடிவில் எஞ்சும் கசப்பை அவர் ஏற்கவில்லை. போரில் தோற்று, அயலார் ஆட்சியின்கீழ் இருந்த நாட்டில், இடிந்த வாயிலின் அடியில் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க ஒருவன் முன்வருவதாகக் காட்டுவது எளிய செய்தி அன்று. இதற்கு முந்திய ஆண்டில் அவர் இயக்கிய ‘தெருநாய்’ (1949) என்னும் குற்றப்படத்திலும் இக்குறிப்பு உண்டு. தன் கைத்துப்பாக்கியைப் பறிகொடுத்த இளங்காவலன் ஒருவன், அதைக்கொண்டு கொலை செய்தவனைத் துரத்திச் செல்கிறான். இருவருமே போரிலிருந்து திரும்பியவர். திரும்பும் வழியில் உடைமையைத் திருட்டுக் கொடுத்தவர். சேற்றில் உருண்டு போராடியபின், பூக்கள் மலர்ந்த புல்வெளியில் இருவரும் மூச்சிரைக்க அருகருகே கிடக்கின்றனர். சிறுவர் பாடிக்கொண்டு அப்பால் செல்கின்றனர். அப்பாட்டைக் கேட்ட குற்றவாளி வாய்விட்டு அலறி அழுகிறான். வேட்டையாடியவன் அவனை வெறுக்க இயலாமற் போகிறான். இரு படங்களிலும் வன்முறை முதலில் நிகழ்கிறது. கனிவு அதன்பின் வந்து அதைக் கழுவுகிறது.

அந்த நாள்: கனிவும் கொலையும் ஒரு கையில்

‘ராஷோமோ’னைக் கண்ட பாலசந்தர் (1927–1990) அதன் வடிவத்தால் ஈர்க்கப்பட்டார் என்பது திரைப்பட வரலாற்றாளர் கூற்று. திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. பாடலும் நடனமும் இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் என்ற பெயர் இதற்கு உண்டு. பாட்டுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு படத்தை மதித்த காலத்தில், இசைக்கலைஞர் ஒருவரே பாட்டை முற்றும் விலக்கியது கருதத்தக்கது. வெளிவந்தபோது படம் பொருள் ஈட்டவில்லை. எனினும் நடுவண் அரசின் தகுதிச் சான்றிதழைப் பெற்றது.

1943 அக்டோபர் 11 இரவு சென்னையிற் குண்டு விழுகிறது. மறுநாள் வானொலிப் பொறிஞன் இராஜன் தன் இல்லத்தில் சுடப்பட்டு இறக்கிறான். ‘பராசக்தி’யில் (1952) நீதிக்காக முழங்கிய சிவாஜி கணேசன், இரண்டாண்டில் இவ்வேடத்தை ஏற்றது துணிவான செயல். அண்டை வீட்டார் சின்னையா, இராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ஆடல்மகள் அம்புஜம், இராஜனின் மனைவி உஷா ஆகியோர் உசாவப்படுகின்றனர். ஒவ்வொருவரும் தம் கூற்றில் பிறிதொருவரைக் குற்றவாளியாகக் காட்டுகின்றனர். சொத்து, பொறாமை, கள்ளக்காதல் எனக் காரணங்கள் மாறிமாறி வருகின்றன. முடிவில் வெளிப்படும் உண்மை இவை அனைத்தினும் வேறு. பகைநாடாகிய ஜப்பானுக்கு மறைவாக வானொலிவழிச் செய்தி அனுப்பிய ஒற்றனே இராஜன். அதை அறிந்தவள் உஷா. அவள் கையிலிருந்த துப்பாக்கியினாலேயே அவன் இறந்தான்.

பண்டரிபாய் நடித்த உஷாவின் நிலை நுணுகி நோக்குதற்குரியது. அவள் இராஜனை விரும்பி மணந்தவள். கணவனின் செயலை அறிந்தபின் இரந்து நிற்கிறாள், இடித்துரைக்கிறாள், பின் படைக்கலம் ஏந்துகிறாள். ஏந்தியபின்னும் அவனைக் கொல்ல அவள் உள்ளம் உடன்படவில்லை. அவள் கருதாமலே குண்டு வெடித்துவிடுகிறது. கருதிச் செய்யாத கொலை ஆயினும், துப்பாக்கியை எடுத்தது கருதியே. அவள் குற்றமற்றவள் என்றும் கூற இயலாது; கொலைகாரி என்றும் கூற இயலாது. குரோசாவாவின் படத்தில் கொலை செய்தவர் ஒருவர், கனிந்தவர் மற்றொருவர். பாலசந்தரின் படத்தில் இரண்டும் ஒரே கையில் நிகழ்கின்றன.

கூற்றுமுறை வேறுபாடு

வடிவத்திலும் இரு படங்களும் ஒன்றல்ல என்பதைக் கீழ்வரும் இரு வேறுபாடுகளால் அறியலாம்.

முதலாவது, ‘ராஷோமோ’னில் எவரும் பழியைப் பிறர்மேல் ஏற்றவில்லை. கள்வனும் ஆவியும் கொலையைத் தம் செயலாகவே கொள்கின்றனர். மனைவியின் கூற்றும் அவள் கையையே சுட்டுகிறது. அவர்கள் காக்க முற்படுவது உயிரையன்று, தம் பெருமிதத்தை. ‘அந்த நா’ளிலோ உஷா ஒழிந்த ஏனையோர் பழியைப் பிறர்மேல் ஏற்றுகின்றனர். ஒரு குடும்பத்தினுள்ளும் அண்டை அயலிலும் மறைந்து கிடந்த ஐயங்கள், ஒரு சாவு நிகழ்ந்ததும் வெளியே கொட்டுகின்றன. முன்னது தன்மதிப்பின் பொய். பின்னது உறவின் பொய்.

இரண்டாவது, ‘ராஷோமோ’னில் உண்மை இறுதிவரை ஐயத்திற்குரியதாகவே நிற்கிறது. ‘அந்த நா’ளில் உண்மை முடிவாக நிறுவப்படுகிறது. இம்முறையில் அது, அந்தோணி ஆஸ்க்வித் அதே 1950-இல் இயக்கிய ஆங்கிலப் படமாகிய ‘விசாரணைக்குரிய பெண்’ என்பதற்கு அணித்தாக உள்ளது. கொலையுண்ட பெண்ணொருத்தியை ஐவர் ஐந்து விதமாக நினைவுகூர்வதும், முடிவில் கொலையாளி அறியப்படுவதும் அதன் அமைப்பு. ஆதலின் பாலசந்தர் படத்தை ஜப்பானியப் படம் ஒன்றன் நேர்த்தழுவலாகக் கொள்வதினும், அக்காலத்து உலகத் திரைக்கலையில் நிலவிய ஒரு கூற்றுமுறையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப எடுத்தாண்டதாகக் கொள்வதே பொருந்தும்.

உண்மையை முடிவாக நிறுவியது கலைக்குக் குறைவன்றோ என வினவலாம். ஓரளவு குறைவே. துப்பறிவோன் நாட்டுப்பற்றை விளக்கும் இடங்களிற் படம் மேடைப்பேச்சின் சாயலைப் பெறுகிறது. ஆயினும் ஐயம் முற்றும் நீங்கிவிடவில்லை. ‘யார் சுட்டார்?’ என்னும் ஐயம் தீர்ந்தபின், ‘அவள் செய்தது யாது?’ என்னும் ஐயம் தோன்றுகிறது. நிகழ்ச்சியைப் பற்றிய ஐயம் நெஞ்சைப் பற்றிய ஐயமாக இடம் மாறிற்று என்க.

ஒற்றும் விடுதலையும்

இப்படத்தை வரலாற்று நோக்கிற் காண்பார் கடந்து செல்லலாகாத ஓர் இடர்ப்பாடு உண்டு. 1943-இல் ஜப்பானுக்குத் துணைநின்ற இந்தியர் அனைவரும் நாட்டை விற்றவர் அல்லர். ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிப் பிடிபட்ட வக்கம் அப்துல் காதர், தோழர் சிலருடன் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். சென்னையிற் குண்டு விழுந்த நாளுக்கு முந்திய திங்களில் நிகழ்ந்தது இது. குண்டு விழுந்த அதே அக்டோபரில் 21-ஆம் நாள், சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விடுதலை இந்தியத் தற்காலிக அரசை நிறுவினார். அவர் படையில் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் சேர்ந்தனர். அன்றைய ஆட்சியின் கண்ணில் காதரும் பகைநாட்டு ஒற்றரே. விடுதலை பெற்ற நாட்டின் கண்ணில் அவர் தியாகி.

அவ்வாறாயின், 1954-இல் இராஜனைத் தீயோனாகக் காட்டியது முறையா? படத்தை ஊன்றி நோக்கின் விடை கிடைக்கும். இராஜனைத் தூண்டியது விடுதலை வேட்கையன்று. தன் அறிவுத்திறனுக்கு நாட்டில் மதிப்பில்லை என்னும் மனக்கசப்பே அவனை அவ்வழியிற் செலுத்திற்று. உயிரைக் கொடுத்து நாட்டைப் பெற விழைந்தவர் காதர். நாட்டைக் கொடுத்துத் தன் பெருமையைப் பெற விழைந்தவன் இராஜன். இவ்வேறுபாட்டைத் திரைக்கதை காத்துக்கொண்டதனால், உஷாவின் செயல் அயலார் ஆட்சிக்குச் செய்த துணையாகாமல், குண்டு விழும் ஊரின் மக்களுக்காகச் செய்ததாக நிற்கிறது. ஆயினும் தூக்குமேடை ஏறிய இளைஞரை நினைந்து இப்படத்தைக் காண்பாருக்கு நெஞ்சில் ஒரு முள் உறுத்தவே செய்யும்.

இதனோடு மற்றொன்றும் எண்ணுதற்குரியது. சென்னைமேல் குண்டு வீசிய நாட்டிலிருந்து வந்த கலைவடிவமே, பதினோராண்டு கழித்து அக்குண்டு விழுந்த இரவின் கதையைச் சொல்லப் பயன்பட்டது. பாலசந்தர் பகைநாட்டின் செயலை இழித்தார். அந்நாட்டுக் கலைஞனிடம் கற்கத் தயங்கவில்லை.

முல்லைக்கொடியும் வாளும்

வன்மையும் மென்மையும் ஒரே கையில் நிகழும் கதைக்கு, மேற்கூறிய மேற்குப் புறநகரிலேயே மிகப் பழைய சான்று உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்டது வடதிருமுல்லைவாயில். குறும்பரோடு பொரச் சென்ற தொண்டைமானின் யானை, அங்கு முல்லைக்கொடிகளிற் கால் சிக்கி நின்றது. மன்னன் கொடிகளை வாளால் வெட்டினான். வாள் புதரினுள் இருந்த சிவலிங்கத்தின்மேற் பட்டுக் குருதி பெருகிற்று. நடுங்கிய மன்னன் அவ்வாளையே தன் கழுத்தில் வைத்தான். இறைவன் தோன்றித் தடுத்தருளினான். இது தலபுராணம் கூறும் வரலாறு. தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி பிணித்த செய்தியைச் சுந்தரர் இத்தலப் பதிகத்திலேயே குறித்துள்ளார். பகைவன் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை என்று கூறப்படும் எருக்கந்தூண்கள் இரண்டு கருவறையின் முன்னர் உள்ளன. வன்செயலுக்கும் அன்புக்கும் இடையே வேலியில்லை என்பதைக் கண்ணப்பர், சிறுத்தொண்டர் முதலியோர் வாயிலாகப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் பூந்தமல்லியை அடுத்ததே.

இவ்வரலாற்றின் உட்கிடையும் உஷாவின் கதையின் உட்கிடையும் ஒத்துள்ளன. மன்னன் வாளோங்கியது கொடியின்மேல். பட்டது அவன் வழிபடத்தக்க பொருளின்மேல். உஷா துப்பாக்கி ஏந்தியது துரோகத்தின்மேல். பட்டது அவள் காதலித்தவன்மேல். தொண்டைமானுக்கு மன்னித்தருள இறைவன் வந்தான். உஷாவின்முன் சட்டத்தின் சார்பாக நிற்கும் அதிகாரி ஒருவனே உளன். இவ்வொப்புமை கொண்டு பாலசந்தர் தலபுராணத்தை நினைந்து படம் எடுத்தார் என்று கூறுவது எம் கருத்தன்று. தமிழ் மக்கள் நெஞ்சிற் பயின்ற ஒரு துயரத்தையே அப்படமும் தொடுகிறது என்பது கருத்து.

இதனைத் தெளிவுறுத்த வள்ளுவர் துணை புரிவார். அன்புடைமை அதிகாரத்தில், அன்பு அறத்திற்கு மட்டும் துணையாவது எனக் கருதுவோரை அறியார் என்றுரைத்து, மறத்திற்கும் அதுவே துணை என்று அவர் முடிக்கும் குறளுக்கு உரைகள் இருவகைப்படும். பரிமேலழகர், பகைமையால் உள்ளத்தெழும் மறத்தை நீக்குதற்கு அன்பு துணையாகும் எனப் பொருள் கொள்வார். பிறர், மறச்செயலைச் செய்தற்கும் உள்நின்று இயக்குவது அன்பே என்பர். விறகுவெட்டி மகவை ஏந்துவது முதல் உரைக்கு எடுத்துக்காட்டு. அங்கு அன்பு மறத்தை நீக்குகிறது. உஷா துப்பாக்கியை ஏந்துவது இரண்டாம் உரைக்கு எடுத்துக்காட்டு. அங்கு ஊர்மேல் வைத்த அன்பு மறத்தைச் செய்யத் தூண்டுகிறது, கணவன்மேல் வைத்த அன்பு அதைச் செய்யவொட்டாமல் தடுக்கிறது. இரு அன்புகளும் மோதுமிடத்திலேயே குண்டு வெடிக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘ராஷோமோன்’ கொலைக்குப் பின்னர்க் கனிவை வைத்து மனிதன்மேல் நம்பிக்கையை மீட்கிறது என்பதும், ‘அந்த நாள்’ கொலையினுள்ளேயே கனிவை வைத்து அந்நம்பிக்கைக்குக் கொடுக்க வேண்டிய விலையைக் காட்டுகிறது என்பதும் போதரும். முன்னதன் ஐயநிலை பின்னதில் இல்லை. பின்னதன் ஒருகை நெருக்கடி முன்னதில் இல்லை. ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தாழ்த்துதல் திறனாய்வாகாது.

போர்க்காலச் சென்னையைப் பற்றி அரசு ஆவணங்கள் கூறுவன பல. ஆவடியின் கிடங்குகளையும், வெளியேறிய மக்களையும், வீழ்ந்த குண்டுகளையும் அவற்றாற் கணக்கிடலாம். அவ்விரவில் ஒரு வீட்டினுள், தான் நேசித்த ஒருவனையே அஞ்ச நேர்ந்த மனைவியின் நெஞ்சம் அக்கணக்கில் வாராது. அதை அறியப் புனைகதையே வழி. ஆகவே இத்தகைய படங்களையும் இலக்கியத்தோடு வைத்துக் கற்றல், தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.